பஸ்ஸுக்கு ‘ஃபுல் ஃபார்ம்’ என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ‘கிளிப்டு வேர்ட்ஸ்’ என்று ஒரு சின்னப் பகுதி வரும். நீளமான சொல்லை நறுக்கிச் சுருக்கி வழங்குவதைப் பற்றிய பாடம். ஃபோன், எக்ஸாம், லேப் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ‘பஸ்’ வந்தால் மட்டும் ஒரு பீரியட் போதாது. பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். எனக்கும் அந்தச் சொல்லை விட்டு நகர மனம் வராது. அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சாப்பிட்ட சோறு அந்தச் சொல்லில் இருந்து வந்தது. வகுப்பிலும் வெளியிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

மிஸ், பஸ்ஸோட ‘ஃபுல் ஃபார்ம்’ என்ன?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். பி-க்கு ஒரு சொல், யூ-வுக்கு ஒரு சொல், எஸ்-க்கு ஒரு சொல் என்று விரித்துச் சொல்லும் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அவை எல்லாம் பிற்காலத்தில் யாரோ உட்கார்ந்து கட்டியவை. பஸ் என்பது முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சொல் இல்லை. ‘ஆம்னிபஸ்’ என்ற ஒரு முழுச் சொல்லின் கடைசித் துண்டு அது. ஆகவே ஃபுல் ஃபார்ம் என்று கேட்டால், ஆம்னிபஸ். அவ்வளவுதான்.

ஆம்னிபஸ் என்றால் என்ன பொருள்?

லத்தீன் சொல். ‘எல்லோருக்கும்’ என்று பொருள். லத்தீனில் ‘ஓம்னிஸ்’ என்றால் ‘எல்லாம், எல்லோரும்’. நாம் ‘எல்லோர்’ என்பதோடு ‘கு’ சேர்ப்பதுபோல, அவர்கள் அந்தச் சொல்லின் அடியோடு ‘புஸ்’ என்று ஓர் ஒட்டைச் சேர்ப்பார்கள். ஓம்னிபுஸ் கிடைக்கும். அதைத்தான் ஆங்கிலக்காரர்கள் ஆம்னிபஸ் என்று உச்சரித்தார்கள். பணக்காரருக்குத் தனி வண்டி இருந்த காலத்தில், காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்று அறிவித்த வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது.

அப்படியானால் ‘பஸ்’ என்ற துண்டுக்கு மட்டும் என்ன பொருள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தனியாகப் பார்த்தால் அதற்குப் பொருளே இல்லை. அது வெறும் வேற்றுமை உருபு.

வகுப்பில் இதை இப்படிக் காட்டுவேன். கரும்பலகையில் பெரிதாக ‘எல்லோருக்கும்’ என்று எழுதுவேன். டஸ்டரை எடுத்து முன்பக்கத்தில் இருந்து மெல்ல அழித்துக்கொண்டே வருவேன். ‘எல்’ போகும், ‘லோ’ போகும், ‘ரு’ போகும். கடைசியில் பலகையில் ‘க்கும்’ மட்டும் நிற்கும். “இனிமேல் இந்த வண்டிக்குப் பேர் க்கும். காலையில க்கும் ஏறி ஸ்கூலுக்கு வரணும். சாயங்காலம் க்கும் லேட்டா வரும்” என்பேன். வகுப்பே சிரிக்கும். ஆங்கிலத்தில் நடந்தது அப்படியே இதுதான். ‘எல்லோர்’ என்ற பகுதி முழுவதும் உதிர்ந்துவிட்டது. நான்காம் வேற்றுமை உருபு மட்டும் தப்பிப் பிழைத்து, ஒரு வண்டிக்குப் பெயராகி, உலகம் முழுக்கப் போய்விட்டது. ஓர் உருபுக்கு இப்படி ஒரு வாழ்வு கிடைத்ததை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

மற்ற சொற்களில் முன்பகுதிதானே மிஞ்சுகிறது? இதில் மட்டும் ஏன் வால்?

உண்மைதான், முன்பகுதி மிஞ்சுவதுதான் அதிகம். எக்ஸாமினேஷன் எக்ஸாம் ஆனது, லேபரட்டரி லேப் ஆனது. ‘கேப்ரியோலே’ என்ற குதிரை வண்டி ‘கேப்’ ஆனது. ஆனால் வால் மிஞ்சுவதும் உண்டு. டெலிஃபோனில் இருந்து ஃபோன், கேரவனில் இருந்து வேன். யாழ்ப்பாணத்தில் ஓடிய தட்டிவான் என்ற பெயரிலும் அந்தக் கேரவனின் வால்தான் இருக்கிறது. நடுப்பகுதி மட்டும் மிஞ்சியதற்கு ஃப்ளூ. அது இன்ஃப்ளுயன்சாவின் வயிறு.

இதை வேறு மொழிக்குரிய அதிசயமாக நினைக்க வேண்டாம். முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று நம் இலக்கணமே பிரித்து வைத்திருக்கிறது. செய்யுளில் தாமரை ‘மரை’ என்று வந்தால் முதற்குறை, ஓந்தி ‘ஓதி’ என்று வந்தால் இடைக்குறை, நீலம் ‘நீல்’ என்று வந்தால் கடைக்குறை. அந்தக் கணக்கில் பஸ் முதற்குறை, ஃப்ளூ முன்னும் பின்னும் குறைந்தது, எக்ஸாம் கடைக்குறை. தமிழாசிரியரிடம் படித்ததை ஆங்கில வகுப்பில் எடுத்துப் போட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. நம்மிடம் செய்யுளுக்குள் நடந்தது, அங்கே தெருவில் நடந்தது. அதுதான் வித்தியாசம்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ஆம்னிபஸ் என்று சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். அழுத்தமான பகுதியை விட்டுவிட்டு அழுத்தம் இல்லாத வாலை எடுத்துக்கொண்டது வழக்கத்துக்கு மாறான செயல். சட்டென்று ஒரே அசையில் கூவி அழைக்க வாகாக இருந்தது அந்த வால்தான் என்று எனக்குத் தோன்றும். பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தவளுக்கு அப்படித் தோன்றாமல் என்ன செய்யும்?

இந்தப் பெயரை முதலில் வைத்தது யார்?

பிரான்ஸின் மேற்குப் பக்கம் நாந்த் என்று ஒரு நகரம். அங்கே ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஊருக்கு வெளியே நீராவி ஆலை வைத்திருந்தார். ஆலையில் வீணாகும் வெந்நீரைக் கொண்டு ஒரு குளியல் நிலையம் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் அவ்வளவு தூரம் வர வேண்டுமே என்று நகரின் நடுவில் இருந்து குதிரை வண்டி விட்டார். ஆட்கள் ஏறினார்கள், ஆனால் குளிக்கப் போகவில்லை. வழியிலேயே தங்கள் வேலை இருக்கும் இடத்தில் இறங்கிக்கொண்டார்கள். குளியலைவிட வண்டிக்குத்தான் தேவை அதிகம் என்று போத்ரிக்குப் புரிந்தது. 1826-ல் நாந்த் நகரில் அது முறையான சேவையாக ஓடியது. 1828-ல் பாரிஸிலும் தொடங்கினார்.

பெயர் வந்த விதத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். வண்டி நின்ற இடத்தில் ஓம்னேஸ் என்ற தொப்பிக்காரரின் கடை இருந்ததாம். அவர் தன் பெயரோடு சிலேடையாக ‘ஓம்னேஸ் ஓம்னிபுஸ்’ என்று பலகை மாட்டியிருந்தாராம். அதைப் பார்த்தே வண்டிக்குப் பெயர் வந்தது என்பது கதை. அழகான கதைதான். ஆனால் அதை நிறுவ ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை, எனவே கதை என்றே சொல்லித் தருகிறேன்.

அதற்கு முன் இப்படி ஒரு வண்டி இருந்ததே இல்லையா?

இருந்தது. கணித மேதை பிளேஸ் பாஸ்கலைத் தெரியும் அல்லவா, அழுத்தத்தின் அலகுக்கே பெயர் தந்தவர். அவருடைய யோசனையில் 1662 மார்ச் மாதம் பாரிஸில் குறித்த பாதை, குறித்த கட்டணம், கூட்டம் இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பும் வண்டி என்று ஒரு சேவை தொடங்கியது. கட்டணம் 5 சோல் நாணயம். நகர பஸ்ஸுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது, ஒன்றைத் தவிர. படைவீரர், வேலைக்காரர், கூலியாட்கள் ஏறக்கூடாது என்று பாரிஸ் நீதிமன்றம் தடை போட்டது. பாஸ்கல் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். சேவையும் சில ஆண்டுகளில் மங்கி நின்றுவிட்டது. ‘எல்லோருக்கும்’ என்ற பெயர் வண்டிக்கு வர இன்னும் 160 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆம்னிபஸ் எப்போது பஸ் ஆனது?

மிக விரைவில். ஜார்ஜ் ஷில்லிபியர் என்ற வண்டி கட்டும் தொழிலாளி-முதலாளி, பாரிஸில் இந்த வண்டிகளைப் பார்த்துவிட்டு லண்டனுக்கு வந்து, 1829 ஜூலை 4 அன்று பேடிங்டனில் இருந்து பேங்க் ஆஃப் இங்கிலாந்து பக்கம் வரை ஓட்டத் தொடங்கினார். மூன்று குதிரைகள் பூட்டிய வண்டி, பக்கத்தில் பெரிதாக ‘ஆம்னிபஸ்’ என்ற எழுத்து. முழுத் தூரத்துக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அன்றைக்குக் கூலியாட்கள் கொடுக்கக்கூடிய தொகை இல்லை அது.

1832-லேயே அச்சில் ‘பஸ்’ வந்துவிட்டது. மூன்று ஆண்டுதான்! படித்தவர்கள் கொஞ்ச காலம், முன்னால் ஏதோ உதிர்ந்திருக்கிறது என்று காட்ட, மேலே ஓர் ஒற்றைக் குறி (அபாஸ்ட்ரஃபி) போட்டு எழுதினார்கள். அப்புறம் அதுவும் போய்விட்டது.

நம் ஊரில் ‘ஆம்னி பஸ்’ என்கிறோமே, அது வேறு வண்டியா?

இதைக் கேட்டால் எனக்கு உற்சாகம் பொங்கும். வேறு சொல் இல்லை, அதே சொல்தான். ஆங்கிலேயர்கள் உதிர்த்த தலையை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். நடுவில் ஓர் இடைவெளி விட்டு இரண்டு சொல் ஆக்கிவிட்டோம்.

எப்படி வந்தது என்றால், சட்டத்தின் வழியாக. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும்படி செய்த மோட்டார் வாகனம் எதுவும் ‘ஆம்னிபஸ்’ என்று விளக்கம் இருக்கிறது. அந்தக் கணக்கில் டவுன் பஸ்ஸும் ஆம்னிபஸ்தான், கல்யாண வேனும் ஆம்னிபஸ்தான். ஆனால் பேச்சில், சென்னைக்கோ பெங்களூருக்கோ இரவில் போகும் தனியார் சொகுசு பஸ்ஸுக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் சொல், தீபாவளிக்கு ஊருக்குப் போக நினைக்கும் பலருக்கு எட்டாத கட்டணம் உள்ள வண்டியைக் குறிக்கிறது. அதை நினைத்தால் வருத்தமாக இருக்கும்.

பெர்மிட்டிலும் வேறுபாடு உண்டு. வழியில் அங்கங்கே ஆள் ஏற்றி இறக்கித் தனித்தனியாக டிக்கெட் கொடுக்கும் வண்டியைச் சட்டம் ‘ஸ்டேஜ் கேரியேஜ்’ என்கிறது. ஒப்பந்தம் பேசி, ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோவது ‘கான்ட்ராக்ட் கேரியேஜ்’. ஆம்னி பஸ்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை பெர்மிட்டில் ஓடுபவை. முதல் வகையில் வரும் ‘ஸ்டேஜ்’தான் கண்டக்டர் வாயில் வரும் ஸ்டேஜும். “அடுத்த ஸ்டேஜ் வருது, டிக்கெட் வாங்காதவங்க வாங்குங்க” என்று அப்பா சத்தம் போடுவார். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் டிக்கெட் எண்ணைக் குறித்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதில் செருகிய பேனாவை எடுத்து, தொடையில் அட்டையை வைத்து எழுதுவார். வீட்டுக்கு வந்து தோல் பையை ஆணியில் மாட்டும்போது இடது கை விரல் இடுக்குகள் ரூபாய் நோட்டு மடித்து மடித்துக் கறுத்திருக்கும்.

ஆங்கிலத்தில் ஆம்னிபஸ் என்ற முழுச்சொல் இன்னும் புழங்குகிறதா?

வண்டிக்குப் புழங்குவது அரிது. ஆனால் ‘பலவற்றை ஒன்றாகச் சேர்த்தது’ என்ற பொருளில் உயிரோடு இருக்கிறது. ஓர் எழுத்தாளரின் பல நூல்களை ஒரே கட்டில் போட்டால் ஆம்னிபஸ் பதிப்பு. தொடர்பில்லாத பல சட்டத் திருத்தங்களை ஒரே மசோதாவில் வைத்தால் ஆம்னிபஸ் மசோதா. இந்தோனேசியாவில் 2020-ல் வந்த வேலைவாய்ப்புச் சட்டத்தைச் செய்திகள் எல்லாம் ‘ஆம்னிபஸ் சட்டம்’ என்றே குறிப்பிட்டன, ஏனென்றால் ஒரே அடியில் பல டஜன் சட்டங்களைத் திருத்தியது அது.

சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று வேண்டியிருக்கும். ‘கிளாப்பம் ஆம்னிபஸ்ஸில் போகும் மனிதன்’ என்று ஆங்கிலச் சட்டத்தில் ஒரு சொல்வழக்கு. கிளாப்பம் என்பது லண்டனின் ஒரு பகுதி. நியாய அறிவுள்ள சாதாரண மனிதன் இந்த இடத்தில் எப்படி நடந்துகொண்டிருப்பான் என்று நீதிபதி எடைபோட வேண்டியபோது இந்தக் கற்பனை மனிதனை நினைத்துக்கொள்வார். 1903-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் இது அச்சேறியது. நியாயத்துக்கு அளவுகோலாக, தனி வண்டியில் போகிறவரை எடுக்காமல் பஸ்ஸில் போகிறவரை எடுத்தது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தருவது.

பன்மை எழுதும்போது ஒரு எஸ்ஸா, இரண்டு எஸ்ஸா?

ஒரு எஸ்: பி-யூ-எஸ்-இ-எஸ். இரண்டு எஸ் போட்ட வடிவம் பழைய அச்சில் உண்டு, சில அகராதிகளில் மாற்று வடிவமாகவும் இருக்கிறது. ஆனால் இரண்டு எஸ் போட்ட ‘பஸ்’ என்றொரு பழைய ஆங்கிலச் சொல்லுக்கு முத்தம் என்று பொருள், அதனால் தவிர்ப்பது நல்லது. லத்தீன் பாணியில் ‘பை’ என்று முடித்துப் பன்மை ஆக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். கூடாது. லத்தீனிலேயே அது ஏற்கெனவே பன்மைதான்.

இந்தியில் ‘பஸ்’ என்றால் போதும் என்கிறார்களே?

அது பாரசீகத்தில் இருந்து வந்த வேறு சொல். ஒலி மட்டும்தான் ஒன்று.

பஸ்ஸை வைத்து ஆங்கிலத்தில் உள்ள சொல்வழக்குகள் எவை?

‘பஸ்ஸைத் தவற விடுதல்’ என்றால் வாய்ப்பை நழுவ விடுதல். நாமும் “பஸ்ஸை விட்டுட்டான்” என்கிறோம். 1940 ஏப்ரல் 4 அன்று பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லின், ஹிட்லர் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டார் என்று பெருமையாகப் பேசினார். ஐந்தாம் நாள் ஜெர்மன் படைகள் நார்வேக்குள்ளும் டென்மார்க்குக்குள்ளும் நுழைந்தன. அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் அந்த வாக்கியத்தையே அவர் மீது திருப்பி வீசினார்கள். பதவியும் போயிற்று.

‘ஒருவரை பஸ்ஸுக்கு அடியில் தள்ளுதல்’ என்றால் தான் தப்பிக்கக் கூட இருந்தவரை மாட்டிவிடுதல். ‘பஸ்காரர் விடுமுறை’ என்றால் லீவு நாளிலும் அதே வேலையைச் செய்வது. இதற்கு எங்கள் வீட்டிலேயே உதாரணம் உண்டு. அப்பா லீவு எடுத்துக்கொண்டு எங்களைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போவார். பஸ்ஸில் கூட்டம் ஏறியதும் எழுந்து, “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியா கெடக்கு” என்று ஆரம்பித்துவிடுவார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் சந்தோஷமாகச் சிரிப்பார். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கும் வரை ஓயமாட்டார்.

கம்ப்யூட்டரில் ‘டேட்டா பஸ்’ என்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நேரடியாகவே. முதலில் மின்சாரத்துக்குப் போவோம். பேனல் போர்டைத் திறந்தால் தடிமனான செப்புப் பட்டையோ அலுமினியப் பட்டையோ நீளமாக ஓடும். அதில் இருந்துதான் எல்லா இணைப்புகளுக்கும் மின்சாரம் பிரியும். எலக்ட்ரீஷியன்கள் அதைப் ‘பஸ்பார்’ என்பார்கள். அதன் பழைய பெயர் ‘ஆம்னிபஸ் பார்’. எல்லா இணைப்புக்கும் பொதுவான பட்டை என்று பொருள். இங்கேதான் அந்த லத்தீன் சொல் தன் உண்மைப் பொருளில் வருகிறது, வண்டியின் நினைவே இல்லாமல்.

அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தது. பிராசசர், மெமரி, மற்ற பாகங்கள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் கம்பித் தொகுதிக்குப் பஸ் என்று பெயர். நீங்கள் ஃபோன் சார்ஜ் போடும் யூ.எஸ்.பி-யில் உள்ள ‘பி’ அதே பஸ்தான். யுனிவர்சல் சீரியல் பஸ் என்று 1996-ல் அதன் முதல் தரநிலை வந்தது. யுனிவர்சல் என்றாலும் ‘எல்லாவற்றுக்குமானது’, பஸ் என்றாலும் ஆதியில் அதே. கார், லாரி, பஸ்களுக்குள் எஞ்சின், பிரேக், டேஷ்போர்டு எல்லாம் ஒன்றோடொன்று பேச ‘கேன் பஸ்’ என்ற இணைப்பு இருக்கிறது. ஆக, பஸ்ஸுக்குள்ளேயே ஒரு பஸ் ஓடுகிறது.

ஏர்பஸ், மினிபஸ், டிராலிபஸ் ஆகியவற்றில் ‘பஸ்’ என்பது பயணிகள் வண்டி என்ற பொருளில் புதிதாகப் பின்னால் ஒட்டப்பட்டது. உருபாகப் பிறந்து, பெயராகி, மறுபடியும் ஒட்டாகிவிட்டது.

‘சிலபஸ்’ என்பதிலும் பஸ் இருக்கிறதே?

இல்லை. அது கிரேக்கச் சொல் ஒன்றைப் பழைய ஏடு படித்தவர்கள் தவறாகப் படித்ததில் பிறந்தது. ஆனால் படங்களை வைத்துச் சொல் கண்டுபிடிக்கும் ‘ரீபஸ்’ புதிரில் இருப்பது நம் உருபுதான். லத்தீனில் ‘ரெபுஸ்’ என்றால் ‘பொருள்களால்’. அங்கே அதே ‘புஸ்’ மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ வேலையைச் செய்கிறது.

அமெரிக்க ஓட்டலில் ‘பஸ்பாய்’ என்று வரும். மேசை துடைத்து, தட்டு எடுத்து, எல்லா எடுபிடி வேலையும் பார்ப்பவர். அதுவும் ஆம்னிபஸ்ஸில் இருந்து வந்ததுதான்.

தமிழில் பஸ்ஸா, பேருந்தா? பேரூந்து என்று எழுதலாமா?

பேருந்து சரி. பேரூந்து தவறு. பெருமை + உந்து. உயிர் வரும்போது ‘பெரு’ என்பது ‘பேர்’ என நீளும், ‘உந்து’ அப்படியே இருக்கும்: பேர் + உந்து = பேருந்து. உந்து என்றால் தள்ளு, செலுத்து. அதே உந்துதான் மகிழுந்திலும் சிற்றுந்திலும். கடைப் பலகையில் இருந்து திருமண அழைப்பிதழ் வரை ‘பேரூந்து’ என்று பார்க்கிறேன், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

பஸ் என்று எழுதுவதும் குற்றமில்லை. நான் அலுவல் கடிதத்தில் பேருந்து, பேச்சுநடையில் பஸ் என்று வைத்துக்கொள்கிறேன். இலங்கையில் பஸ் என்பதே பெருவழக்கு, பஸ் தரிப்பிடம் என்று எழுதுவார்கள். 1958-ல் அங்கே பஸ் சேவை அரசுடைமை ஆனதில் இருந்து இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. பஸ் + இல் ‘பஸ்ஸில்’ என்று இரட்டிப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு: கல் + இல் கல்லில் ஆவது போலத்தான். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். வந்த விருந்தாளிச் சொல்லும் நம் வீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறது.

பெயர் ‘எல்லோருக்கும்’. நடந்ததும் அப்படித்தானா?

இல்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை.

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்ததற்காகக் கைதானார். அந்த ஊரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறாமல் நடந்தும் கார்களைப் பகிர்ந்துகொண்டும் போனார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் மீண்டும் ஏறினார்கள், விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

நம் பக்கத்திலும் இருந்தது. சென்னை மாகாணத்தில் தனியார் பஸ் முதலாளிகள் ஒடுக்கப்பட்ட சாதியினரை ஏற்ற மறுத்த காலம் உண்டு. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்களின் உரிமத்தை ரத்து செய்வேன் என்று உத்தரவிட்டார். சென்னை பாண்டி பஜார் அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே துணி எடுக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

2021-ல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நின்றது. எங்கள் தெருவில் பூ கட்டி விற்கும் அக்கா அதற்கு முன் சந்தையில் இருந்து பூக்கூடையோடு பாதி வழி நடந்துதான் வருவார். இப்போது வீட்டு வாசல் பக்கத்து ஸ்டாப்பில் இறங்குகிறார். கையில் அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டைச் சுருட்டி வைத்திருப்பார், தூக்கிப் போடமாட்டார்.

தேர்வில் வந்தால் எப்படி எழுத வேண்டும்?

‘ஆம்னிபஸ்’ கொடுத்துச் சுருக்கம் கேட்டால் பஸ். ‘பஸ்’ கொடுத்து விரிவு கேட்டால் ஆம்னிபஸ், ஒரே சொல்லாக, நடுவில் இடைவெளி இல்லாமல். ஊரில் பார்க்கும் பலகை ஞாபகத்தில் இரண்டாகப் பிரித்து எழுதி மதிப்பெண் விட்ட பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஒற்றைக் குறியும் வேண்டாம்.